555 நோட்டு

அப்பாவின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஏழெட்டு 555 நோட்டு கிடக்கும். மலேசியாவில் கடன் சொல்லி மளிகைச் சாமான் வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்த நோட்டை விளக்கத் தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும். அட்டையில் மூன்று ஐந்து. அரிசி, மைலோ, மீன் டின் என்று கடைக்காரர் எழுதிக்கொண்டே போவார். சம்பள நாளில் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார். அப்பா எழுதியது கடன் கணக்கு அல்ல. தோட்டம் கைமாறி நாங்கள் புக்கிட் செந்தோசாவுக்கு வந்த பிறகு, தாமான் வீட்டின் முன்வாசலில் மோட்டார் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். எந்த மோட்டாருக்கு என்ன செயின், எத்தனை பல் என்றெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். அவர் எழுத்து அவருக்கு மட்டுமே புரியும்.

2013 ஜூன் மாதம் அந்தக் கட்டிலிருந்து ஒரு நோட்டை நான் கேட்காமல் எடுத்தேன்.

அப்போது ரவாங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில் தரவு ஏற்றும் வேலை எனக்கு. இரவில் ரூபி என்ற நிரல்மொழியைப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் திருவிழா. தோட்டத்து ஆட்கள் புக்கிட் பெருந்தோங், ரவாங், பெஸ்தாரி ஜெயா என்று சிதறிப் போயிருந்தாலும், குடும்ப வரி கட்ட அந்த ஒரு நாள் வந்துவிடுவார்கள். பொருளாளர் மாமா ஒவ்வோர் ஆண்டும் நானூறு ரசீதைக் கையால் எழுதி, விரல் வீங்கி நிற்பார். "நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு தரேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளில் எனக்கு ரூபியில் தெரிந்தது புத்தகத்தின் முதல் நான்கு பாடம்.

அது புகைமூட்டக் காலம். ஜூன் 23-ஆம் தேதி மூவாரில் அவசரநிலையே அறிவித்தார்கள். எங்கள் பக்கமும் கண் எரிந்தது. சன்னலை எல்லாம் அடைத்து, ஈரத் துண்டைக் கதவிடுக்கில் செருகி, மடிக்கணினிச் சூட்டோடு உட்கார்ந்திருப்பேன். உபுண்டு 12.04 போட்ட பழைய கணினி அது.

ரூபி என்றால் மாணிக்கம். யுகிஹிரோ மாட்ஸுமொட்டோ என்ற ஜப்பானியர் 1995-இல் வெளியிட்ட மொழி. அதற்காகப் பிறர் எழுதிப் பகிரும் தொகுப்புகளுக்கு ஜெம் என்று பெயர். 'ஜெம் இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்தால் இணையத்திலிருந்து வந்து இறங்கிவிடும் என்றது புத்தகம். என் திரையில் இறங்கியது சிவப்பு எழுத்து.

நிறுவ முடியாமல் போனதன் பெயர் நொக்கோகிரி. ஜப்பானிய மொழியில் ரம்பம் என்று பொருளாம். நான் அதைக் கேட்கவே இல்லை. சோதனை எழுதப் புத்தகம் சேர்க்கச் சொன்னது காப்பிபாரா என்ற ஜெம். காப்பிபாரா நொக்கோகிரியைக் கேட்டது. நொக்கோகிரி இன்னொன்றைக் கேட்டது. பெண் பார்க்க ஒருவரை அழைத்தால் அவர் மைத்துனர், மைத்துனரின் சகலை என்று வேன் நிறைய வந்து இறங்குவதுபோல. இவர்கள் எல்லாருக்கும் இலை போட்டால்தான் முதல் ஆளே உட்காருவார்.

திரையின் அடியில் இருந்த வரி மட்டும் கண்ணில் பட்டது: நொக்கோகிரியை நிறுவுகையில் பிழை, தொடர முடியாது, முதலில் அதைத் தனியாக நிறுவிப் பார்த்துவிட்டு வா. சரியென்று தனியாக நிறுவினேன். அதே பிழை. இன்னொரு முறை. எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. ரம்பத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் மேலே நகர்த்தி முழுவதையும் படித்தேன். நடுவில், கத்தாமல், ஒரு வரி இருந்தது: எம்கேஎம்எஃப் என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை. அவ்வளவுதான் நோய். மற்றதெல்லாம் அதன் முனகல்.

சில ஜெம்கள் முழுக்க ரூபியில் எழுதப்பட்டவை. அவை அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். நொக்கோகிரி போன்றவற்றில் ஒரு பகுதி சி மொழியில் இருக்கும். அது மூலமாக வந்து, நம் கணினியிலேயே தொகுக்கப்பட்டு, அதன்பின் ரூபியோடு இணைய வேண்டும். தொகுக்க ஒரு தொகுப்பி வேண்டும். ரூபியின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். எம்கேஎம்எஃப் என்பது அந்தத் தொகுப்புக்குத் திட்டம் போட்டுத் தரும் சிறு ரூபிக் கோப்பு. தலைப்புக் கோப்புகளையும் எம்கேஎம்எஃபையும் உபுண்டு ரூபியோடு தருவதில்லை. 'டெவ்' என்று வால் ஒட்டிய தனிப் பொதியில் வைத்திருக்கும். மாவு இருக்கிறது, இடியாப்ப உரல் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்கிற நிலைமை.

அந்தப் பொதியைத் தேடினால் இன்னொரு குழப்பம். என்னிடம் இருந்த ரூபியின் பதிப்பு 1.9.3. பொதியின் பெயரோ 1.9.1. தப்பான பழைய சாமான் என்று நினைத்து இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகுதான் விளங்கியது: 1.9.1 என்பது உள்ளே இருக்கும் இணைப்பு முறைக்கு வைத்த எண். பதிப்பு மாறினாலும் அந்த முறை மாறாததால் பொதியின் பெயரை மாற்றவில்லை. உறையில் 1.9.1, உள்ளே 1.9.3. எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது; பலகை மாறி இத்தனை வருடமாகியும் அத்தை "பெர்ஜுந்தைக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்புவார். எந்த ஊருக்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பொதியை நிறுவினேன். சிவப்பு மறையவில்லை, வேறு சிவப்பு வந்தது. இப்போது லிப்எக்ஸ்எம்எல்2 இல்லை என்றது. அதைக் கொடுத்தேன். லிப்எக்ஸ்எஸ்எல்டி இல்லை என்றது. அந்த இரவு, முதல்முறையாக, பிழை மாறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். புதுப் பிழை வந்தால் ஒரு படி இறங்கியிருக்கிறோம். அப்போதுதான் அப்பாவின் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்: 'கடைசி வரியைப் பார்க்காதே. முதலில் எது இல்லை என்கிறது பார்.'

அதன்பின் வேகம் வந்தது. தரவுதளத்துக்கான எஸ்க்யூலைட்3 அழுதபோது அதற்கும் ஒரு 'டெவ்' பொதிதான் என்று தானே தோன்றியது. அதன் பிழைச்செய்தி மேக்குக்கு ஒரு வழி, ரெட்ஹேட் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழி என்று சொல்லிக்கொண்டு போனது. உபுண்டு வழி நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியது. பிறகு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி இல்லை என்றது. கோயில் ரசீதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதற்கு என்று சண்டை போட்டுப் பார்த்தேன். ரயில்ஸ் சட்டகம் தன் துணைக்கோப்புகளைச் சுருக்க அதைக் கேட்கிறது. எனக்குத் தேவையா என்பது அதன் கவலை இல்லை. நோட் என்ற இயக்கியின் பொதியைப் போட்டதும் வாயை மூடிக்கொண்டது.

இதற்கு நடுவே நான் செய்த பெரிய பாவம், கட்டளையை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் சூடோ. எழுத அனுமதி இல்லை என்று ஒருமுறை வந்தது. சூடோ சேர்த்து அடித்தேன், நடந்துவிட்டது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் சூடோ. ஒரு வாரத்தில் பாதி ஜெம் நிர்வாகிக் கணக்கின் சொத்து, பாதி என் சொத்து. எதை அழிக்கப் போனாலும் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றி வைத்தவள், திருடன் வந்தபிறகு பூட்டைத் தேடிய கதை. எல்லாவற்றையும் துடைத்து, என் வீட்டு அடைவுக்குள்ளேயே ரூபியை வைக்கும் ஆர்பிஎன்வ் என்ற கருவியைக் கொண்டு மறுபடி தொடங்கினேன். தொகுக்கும்போது மடிக்கணினி விசிறி ஓடிய சத்தத்தில் அப்பா எழுந்து வந்தார்.

"என்னா பாப்பா, ரெண்டு மணி ஆவுது. இன்னும் அந்த ரம்பந்தானா?"

"இல்லப்பா, அது முடிஞ்சிருச்சி. இது வேற."

"கரண்டு பில்ல உங்க மாமாவ கட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

முதல் தமிழ்ச் சொல்லை நிரலில் எழுதிய அன்று அடுத்தது வந்தது. 'ரசீது' என்ற மூன்று எழுத்தைக் கண்டதும், செல்லாத பல்பைட் எழுத்து என்று ரூபி நின்றுவிட்டது. 1.9 வரிசை ரூபி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், கோப்பில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். கோப்பின் முதல் வரியில் இது யூடிஎஃப்-8 என்று ஒரு குறிப்பு எழுதினால் அடங்கிவிடும். அந்த பிப்ரவரியில் வந்திருந்த ரூபி 2.0 கேட்காமலே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். நான் படித்த புத்தகம் அதற்கு முந்தியது. ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் அந்த வரியை எழுதினேன், பிள்ளையார் சுழிபோல.

ஜூலையில் புகை விலகியது. நோன்பு மாதம் பிறந்து, சாயங்காலம் பசார் ரமலானில் பலகார வாசனை. என் கணினியில் ரசீது நிரல் ஓடியது. பெயர், தோட்டத்து லயத்து எண், வெள்ளி, தேதி. பேனா டிரைவில் ஏற்றிக்கொண்டு பொருளாளர் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் மகனின் கணினியிலும் உபுண்டு போட்டாயிற்று, எல்லா 'டெவ்' பொதியும் நோட்டைப் பார்த்து நிறுவியாயிற்று. "பத்து நிமிஷம் மாமா" என்றேன்.

இரவு பதினொன்றரைக்கும் அங்கேதான் இருந்தேன். என் கணினியில் ஓடிய அதே நிரல் அங்கே ஒவ்வோர் அடியிலும் விழுந்தது. பிழைகளில் ஒன்று மட்டும் நல்ல பிள்ளையாகக் காரணம் சொன்னது: நான் பயன்படுத்திய ஒரு வசதியை ரயில்ஸிலிருந்து எடுத்துத் தனி ஜெம் ஆக்கிவிட்டோம் என்று. எப்போது எடுத்தார்கள்? போன வாரம்வரை இருந்ததே?

போன வாரம் இருந்தது ரயில்ஸ் 3.2.13. ஜூன் 25-ஆம் தேதி ரயில்ஸ் 4.0 வந்துவிட்டது. மாமா வீட்டுக் கணினி சுடச்சுடப் புதியதை இறக்கியிருந்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய இரண்டு காவலையும் நானே நீக்கியிருந்தேன். எந்த ஜெம், எந்தப் பதிப்பு என்று ஜெம்ஃபைலில் எழுதவேண்டும்; ஆரம்பத்தில் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று, அதைப் படித்து ஜெம்களை நிறுவும் பண்ட்லர் என்ற கருவி முறையிட்டபோது, தோழி ஒருத்தி சொன்னாள் என்று எண்களையெல்லாம் அழித்துவிட்டேன். எண் இல்லாவிட்டால் முறையீடும் இல்லை. அடுத்தது லாக் கோப்பு. எல்லாம் பொருந்தி ஓடிய நாளில் எது எது என்ன பதிப்பில் இருந்தது என்று பண்ட்லர் தானே எழுதி வைப்பது அது. இழுத்துக்கொண்டு வந்த சகலைகள்வரை அதில் இருப்பார்கள். தானாக உண்டாகும் கோப்புதானே, குப்பை என்று நினைத்து அதைப் பேனா டிரைவில் ஏற்றவே இல்லை.

மாமா எதுவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "கையாலயே எழுதிருவோமா மா?" என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் சனிக்கிழமை. முன்வாசலில் ஒரு பையன் பழைய ஹோண்டா மோட்டாரோடு நின்றான். செயின் தளர்ந்து கடகடத்தது. முன்பல் மட்டும் புதுசாக, நல்லதாகப் போடச் சொன்னான். அப்பா பதில் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து, ஒரு 555 நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். வண்டி எண்ணைக் கண்டுபிடித்தார்.

"இதுக்கு முன்னால 14, பின்னால 36, செயின் 420. நாந்தான் போட்டேன். மூணும் ஒண்ணா தேஞ்சிருக்கு. ஒன்ன மட்டும் புதுசு போட்டா, மத்த ரெண்டும் சேர்ந்து அத தின்னுரும்."

"மத்த கடையில போட்டுத் தராங்களே ஆங்கள்."

"போட்டுத் தருவாங்க. ஓடுறது எதுன்னு எழுதி வச்சிருக்க மாட்டாங்க."

அப்பா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. வாசற்படியில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உள்ளே போய் என் கணினியைத் திறந்தேன். லாக் கோப்பு அங்கே பத்திரமாக இருந்தது. ரயில்ஸ் 3.2.13, நொக்கோகிரி 1.5.9, ஜேசன் 1.8.0. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். கோப்பை அப்படியே எடுத்துப் போகலாம், எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதினேன். மத்தியானம் மாமா வீட்டில், அந்தக் கோப்போடு, உண்மையிலேயே பத்து நிமிடத்தில் நிரல் ஓடியது.

கையால் எழுதியது வீண் இல்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. ரசீதைப் பிடிஎஃப் ஆக்கப் 'பிரான்' என்ற ஜெம்மைச் சேர்த்திருந்தேன். பிரான் என்றால் இறால். சிக்கலே இல்லாமல் வந்து இறங்கியது. ஒரு சிவப்பு வரி இல்லை. முதல் ரசீதை அச்சடித்து மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பெரியசாமிக்கு என்னா ஆச்சி? கொம்பு 'ப'வுக்குப் பின்னால போயி நிக்குது."

உண்மைதான். யூனிகோடில் 'பெ' என்பது முதலில் 'ப', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தைக் காட்டும் நிரலின் வேலை. இறாலுக்கு அந்த வேலை தெரியாது. வந்த வரிசையில் வரைந்துவிட்டது. பெரியசாமியின் கொம்பு 'ரி'யின் வீட்டு வாசலில் நின்றது. இத்தனை நாள் சிவப்பு வரிகளோடு போராடிய எனக்கு, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்த இந்தப் பிழைதான் பயம் தந்தது. கணினி சரி என்றது. எழுபது வயது மனிதர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துத்தான் தப்பு என்று தெரிந்தது.

இறாலைக் கழற்றிவிட்டு, வலைப்பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கும் ஒரு கருவிக்கு மாறினேன். உலாவிக்குத் தமிழ் அடுக்கத் தெரியும். அதன் முதுகில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கருவி ஜெம் அல்ல. தமிழ் எழுத்துருப் பொதியும் ஜெம் அல்ல, லிப்எக்ஸ்எம்எல்2-உம் அல்ல. லாக் கோப்புக்குத் தெரிந்த உலகம் ஜெம்களோடு முடிகிறது. அதற்குக் கீழே கணினியில் என்னென்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. மாமா வீட்டுக் கணினியில் எழுத்துரு இல்லாமல் பெயர்களெல்லாம் காலிக் கட்டங்களாக வந்தபோது எனக்கு உதவியது நோட்டுதான்.

ஆடித் திருவிழா அன்று, செம்பனைக்கு நடுவே மிஞ்சி நின்ற கோயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழ் மேசை போட்டு ரசீது கொடுத்தோம். பழைய லயத்து எண்ணைச் சொன்னால் பெயர் வந்துவிடும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். பலர் தாமான் முகவரியைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார்கள். லயத்து எண்ணை யோசிக்காமல் சொன்னார்கள். பெரியசாமி தாத்தா ரசீதை வாங்கி, படிக்காமல், நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

2017-இல் மாமா வீட்டுக் கணினி செத்தது. புதிய கணினியில், புதிதாக வந்த ரூபி 2.4-ஐப் போட்டு, லாக் கோப்பை நம்பி ஓட்டினேன். முதலில் ஜேசன் 1.8.0 தொகுக்க முடியாமல் விழுந்தது. ரூபி 2.4-இல் சிறிய முழு எண், பெரிய முழு எண் என்ற பிரிவை நீக்கி ஒன்றாக்கியிருந்தார்கள். பழைய ஜேசனின் சி நிரல் அந்தப் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. ஜேசனை மட்டும் 1.8.6-க்கு ஏற்றினேன். அது தாண்டியது. உடனே தரவுதளப் பகுதி, இந்த முழு எண்ணை எனக்குத் தெரியாது என்று விழுந்தது. முன்பல் புதுசு, செயின் பழசு. புதிய ரூபியை எடுத்துவிட்டு 1.9.3-ஐயே நிறுவினேன். அதற்கு ஆதரவு 2015 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது என்பது தெரியும். இணையத்தோடு ஒட்டாமல் ஆண்டுக்கு ஒருநாள் ரசீது அடிக்கும் பெட்டி என்பதால் அந்தத் துணிச்சல். வலையில் நிற்கும் எதற்கும் அப்படிச் செய்யமாட்டேன்.

அன்றைக்கு எழுத்துருப் பொதியின் பெயர் மறந்துபோய், அப்பாவின் இழுப்பறையைக் குடைந்து பழைய நோட்டைக் கண்டுபிடித்தேன். முன்பக்கங்களில் என் எழுத்து: கடைசி வரியைப் பார்க்காதே, ரயில்ஸ் 3.2.13, நொக்கோகிரி 1.5.9, பொதிகளின் பெயர்கள். திருப்பிப் பார்த்தால் பின்னட்டைப் பக்கத்திலிருந்து உள்ளே வந்திருந்தது அப்பாவின் எழுத்து. காலிப் பக்கத்தை வீணாக்க மனமில்லாமல் அவரும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். வண்டி எண்கள், 14, 36, 420. நடுப்பக்கத்தில் இரண்டு கணக்கும் சந்தித்துக்கொள்ளும் இடத்தில், நொக்கோகிரி 1.5.9-க்கு நேர்கீழே, கிரீஸ் கட்டைவிரல் ரேகையோடு, யாருடைய மோட்டாருக்கோ போட்ட பிரேக் ஷூ.

பக்கத்தைக் கிழிக்காமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். நோட்டை மறுபடி இழுப்பறையிலேயே வைத்தேன். அந்தப் பிரேக் ஷூக்காரர் திரும்ப வந்தால் அப்பா தேடுவார்.